சாய்சதுரச் சட்டை

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் சித்திர சேர், பழைய சஞ்சிகையிலிருந்து கிழித்த வண்ணப்படம் ஒன்றைக் கரும்பலகையில் ஒட்டினார். மஞ்சளும் நீலமுமாய்ச் சாய்சதுரங்கள் போட்ட உடுப்பு, கழுத்தில் வெள்ளைச் சுருக்குத்துணி, கறுப்பு நாற்காலி, அதில் ஒரு சின்னப் பையன். பிக்காசோ 1924 இல் வரைந்த தன் மூன்று வயது மகன் பவுலோ.

"எங்கட நாடகத்தில வாற பபூன் மாதிரி, இத்தாலி நாடகத்தில ஆர்லெக்கின் எண்டொரு வேலைக்காரன் வருவான். இது அவன்ர உடுப்பு" என்றார் சேர்.

நான் எழும்பி, "சேர், கீழ அழிஞ்சு போச்சு, காலைக் காணேல்லை" என்றேன்.

"அழியேல்லை. அவர் அவ்வளவோட விட்டிட்டார்."

நான் நம்பவில்லை.

பாரிஸுக்கு வந்தபின் வேலை, விசா என்று பல வருடங்கள் ஓடின. அப்புறம் ஒரு ஞாயிறு, மரே பகுதியிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தில் அந்தப் பையனுக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தை அவ்வளவு நுணுக்கமாக முடித்திருக்கிறார். கீழே பாதங்கள் கோட்டளவில் நிற்கின்றன. தரையே இல்லை. கனநேரம் அங்கேயே நின்றேன்.

அன்றிலிருந்து ஆர்லெக்கினைத் தேடித்தேடிப் பார்க்கிறேன். பிரெஞ்சு ஓவியர் செசான் 1888 இல் தன் மகனுக்கு அதே உடுப்பைப் போட்டு வரைந்திருக்கிறார், சிவப்பும் கறுப்புமாக. பிக்காசோவோ 1905 இல் அந்தச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டார். வாஷிங்டனில் இருக்கும் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பெரிய கழைக்கூத்தாடிக் குடும்பப் படத்தில், இடப்பக்கம் நிற்கும் ஆர்லெக்கினுக்கு அவருடைய சாயல். மேடையில் அவன் கறுப்பு முகமூடிக்காரன். இங்கே முகமூடியைக் கழற்றிவிட்டார், சிரிப்பையும் எடுத்துவிட்டார். கூட நிற்பவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

என்னை விடாமல் பிடித்திருப்பது பிக்காசோவின் 1915 ஆம் ஆண்டு ஆர்லெக்கின் படம். காதலி ஈவா சாகக் கிடந்த மாதங்களில் வரைந்தது. கறுப்புப் பின்னணியில் வெட்டி ஒட்டியது போன்ற வண்ணத் தகடுகள், அதில் ஒன்றில் மட்டும் சாய்சதுரங்கள். ஓரத்தில் முடிக்காமல் விட்ட வெள்ளைத் துண்டு. துக்கத்தை இதைவிட நேராக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறே பவுலோ படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கி, "படம் அழியேல்லை, சேர்" என்று எழுதி ஊருக்கு அனுப்பினேன். சேரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அது கடைசிவரை இருந்ததாக அவருடைய மகள் போனில் சொன்னார்.