பழைய பிரிண்டரும் விண்டோஸ் 11-உம்: தங்கச்சிமடத்தில் மூன்று நாள்

ராமேஸ்வரம் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் என் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் நின்றுபோனது. உப்புக்காற்று மதர்போர்டை அரித்துவிட்டது. ராமநாதபுரம் போய்ப் புதிது வாங்கினேன், விண்டோஸ் 11. பிரிண்டர் மட்டும் அதே பழைய லேசர். டோனர் நிரப்பி நிரப்பி ஓட்டலாம், அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நேரமும் இல்லை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். தடைக்கால நிவாரணத்துக்காக ஆதார், பாஸ்புக் நகல் என்று ஆட்கள் வரிசையாக வருகிற நேரம் அது.

கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேசவைக்கும் சாஃப்ட்வேர்தான் டிரைவர். பழைய ஹார்டு டிஸ்க்கில் அதன் ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. ஓட்டினால் பாதியிலேயே நின்றது. அது 32 பிட் என்கிற பழைய வகை டிரைவர். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். என் பழைய பில் போடும் சாஃப்ட்வேரும் 32 பிட்தான், அது நன்றாக ஓடுகிறதே என்று குழம்பினேன். சாதாரண சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் இடம் கொடுக்கும், டிரைவருக்குக் கொடுக்காது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, பட்டியலில் இருக்கிற வேறு மாடலைக் கொடுத்துப் பார்ப்போம் என்று முயன்றேன். விளக்கு மினுக்கியதோடு சரி, தாள் நகரவில்லை. இந்த வகை பிரிண்டர் பக்கத்தைத் தானாக உருவாக்காது. கம்ப்யூட்டரில் டிரைவர்தான் பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். அதனால் அதற்குரிய டிரைவரைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது.

நெட்டில் தேடினால் முதலில் வருவதெல்லாம் டிரைவரைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் 'டிரைவர் அப்டேட்டர்'. ஒன்றை இறக்கினேன். ஸ்கேன் செய்து முடித்ததும் பணம் கேட்டது. உடனே அழித்தேன். பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் தளத்துக்கே போனேன். விண்டோஸ் 11-க்கு என்று எதுவும் இல்லை. விண்டோஸ் 10, 64 பிட் என்று இருந்ததை எடுத்தேன். அதுதான் சரியானது.

ஆனால் உடனே ஏறவில்லை. முன்னால் போட்ட தவறான டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தது. பிரிண்டரை லிஸ்ட்டிலிருந்து நீக்கினால் மட்டும் அது போகாது. விண்டோஸ் செட்டிங்கில் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் என்ற இடத்தில் டிரைவர்ஸ் பகுதிக்குப் போய், டிரைவரோடு அதன் ஃபைல்கள் அடங்கிய பேக்கேஜையும் சேர்த்து நீக்க வேண்டும். 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தது. பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை, விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டதும் நீங்கியது. பிறகு யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்து, அது கேட்டபோது மட்டும் செருகினேன்.

அப்போதும் கம்ப்யூட்டர் பிரிண்டரைக் கண்டுகொள்ளவில்லை. கேபிளை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். பிரிண்டர் பக்கம் போகும் சதுர முனையின் உள்ளே, நான்கு தகடுகளில் இரண்டில் பச்சைக் களிம்பு. இந்தக் கரையில் செம்பு, பித்தளை எதுவானாலும் இதே கதிதான். புதுக் கேபிள் வாங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகினேன். பிரிண்டர் வந்தது. ஆனால் 'காப்பி 1' என்று இன்னொன்றும் சேர்ந்து வந்தது. வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராகவே எடுத்துக்கொள்ளும். பழையது ஆஃப்லைனில் நிற்கும், அனுப்புவதெல்லாம் அதன் வரிசையில் (க்யூ) போய்த் தேங்கும். பழையதை நீக்கி, புதியதை டிஃபால்ட் ஆக்கினேன்.

மூன்று நாளாக வந்து வந்து திரும்பிய ஒரு அக்கா அப்போது வாசலில் நின்றார். "தம்பி, இன்னைக்காவது வருமா?"

டெஸ்ட் பேஜ் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவருடைய ஆதாரையே கொடுத்தேன். உருளை சுழலும் சத்தம் கேட்டது. தாள் சூடாக வெளியே வந்தது.

அந்தத் துளைக்குப் பக்கத்தில் மார்க்கரால் 'பிரிண்டர்' என்று எழுதிவைத்தேன். டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டு, மேசை டிராயரில் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன்.