வாண்டாவிஷன் கடைசி எபிசோடு: மந்திரத்துக்கு இருக்கும் விதி, குற்றத்துக்கு இல்லை

முழுக் கதையும் உடைபடும். தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.

மார்வலின் சூப்பர்ஹீரோ தொடரான வாண்டாவிஷனின் ஒன்பதாவது, கடைசி எபிசோடு 2021 மார்ச் 5 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. மந்திர சக்தி கொண்ட வாண்டா, வெஸ்ட்வியூ என்ற சிற்றூரை ஹெக்ஸ் என்ற மந்திரச் சுவருக்குள் அடைத்து, ஊராரின் மனத்தைப் பிடித்து சிட்காம் பாத்திரங்களாக ஆட்டிவைக்கிறாள்; இறந்துபோன காதலன் விஷனை அங்கே மறுபடி உருவாக்கி, இரட்டைப் பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறாள். வாராவாரம் ரசிகர்கள் கட்டிய யூகக் கோட்டைகள் அன்று இடிந்தன. காமிக்ஸ் வில்லன் மெஃபிஸ்டோ வரவில்லை, மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. வந்தவர்களை வைத்து என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆக்னஸாக நடித்துவந்த சூனியக்காரிதான் அகதா. எட்டாவது எபிசோடில் அவளுடைய நிலவறைச் சுவர்களில் ரூன்கள் என்ற மந்திர எழுத்துகள் இருந்தன. ரூன்களைப் பதித்த சூனியக்காரிக்கு மட்டுமே அந்த இடத்துக்குள் மந்திரம் பலிக்கும் என்ற விதியை வாண்டாவுக்குச் சொன்னவளே அகதாதான். கடைசிச் சண்டையில் வாண்டா வீசும் சிவப்புப் பந்துகளில் பல அகதாவைத் தொடாமல் விலகிப் போகின்றன. முதல்முறை பார்க்கும்போது குறி தப்புகிறது என்றே தோன்றும். உண்மையில் அவை ஹெக்ஸின் சுவரில் ரூன்களாகப் பதிந்துகொண்டிருக்கின்றன. புதுச் சக்தி எதுவும் திடீரென்று முளைக்கவில்லை, தான் நடத்திய பாடத்திலேயே அகதா தோற்கிறாள். திரைக்கதையாக இது சுத்தமான வேலை. ஆனால் அந்த இடம் வரும்வரை சிவப்பும் ஊதாவுமாக ஒளிவீச்சு மட்டும்தான். ஒவ்வொரு காலத்து சிட்காமுக்கும் ஏற்பத் திரையின் அளவைக்கூட மாற்றிய தொடர், ஆட்கள் வானில் ஏறியதும் தன் முகத்தை இழந்துவிடுகிறது.

வாண்டா உருவாக்கிய விஷனுக்கும், இறந்த விஷனின் உடலை வெளியே உயிர்ப்பித்து அவனை அழிக்க அனுப்பிய வெள்ளை விஷனுக்கும் நடக்கும் மோதல் அப்படி இல்லை. அடிதடியில் தொடங்கி நூலகத்துக்குள் வாதமாக முடிகிறது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா? கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொன்று கட்டினால் எது அசல்? வெள்ளை விஷனிடம் அசல் உடல் இருக்கிறது, நினைவுகளுக்கு வழி அடைபட்டிருக்கிறது. வாண்டா உருவாக்கிய விஷனிடம் அசல் பொருள் துளியும் இல்லை. 'விஷனை அழி' என்பது வெள்ளை விஷனுக்கு இட்ட கட்டளை என்றால் அந்த விஷன் யார் என்ற கேள்வியிலேயே கட்டளை உடைந்துபோகிறது. சூப்பர்ஹீரோ கதையில் எதிரியைத் தர்க்கத்தால் நிறுத்துவது அபூர்வம். சிக்கல் அதற்கடுத்த நொடியில் வருகிறது: நினைவு திரும்பியதும் வெள்ளை விஷன் பறந்து போகிறான், தொடர் அவனைப் பிறகு தேடுவதே இல்லை. ஊருக்குள்தான் வாண்டா இருக்கிறாள். அவள் நினைவோடு ஒருவன் அவளைப் பார்க்காமலே போவானேன்?

பெரிய குறை இதுவல்ல. அகதா மந்திரக் கட்டுகளை அவிழ்த்ததும் வெஸ்ட்வியூ மக்கள் வாண்டாவைச் சூழ்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான டாட்டியின் உண்மைப் பெயர் சாரா. எட்டு வயது மகள் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறாள், அவளை வெளியே விட்டால் போதும், பள்ளியில் அடாவடி செய்யும் பிள்ளையாக ஒரு வேஷம் கொடுத்தாலும் சரி என்று கெஞ்சுகிறாள். உன் கெட்ட கனவுகள் எங்கள் தூக்கத்தில் வருகின்றன, விடமாட்டாய் என்றால் சாகவிடு என்கிறார்கள் மற்றவர்கள். தொடரிலேயே கொடூரமான காட்சி இது. வாண்டா ஹெக்ஸைத் திறக்கிறாள். விஷனும் பிள்ளைகளும் சிதறத் தொடங்க, மறுபடி மூடுகிறாள். ஆறாவது எபிசோடில் எல்லையைத் தாண்டிய விஷன் சிதறியதைப் பார்த்திருப்பதால், ஊரா குடும்பமா என்ற தேர்வு வசனம் இல்லாமலே புரிகிறது.

இத்தனையும் கேட்டவள் அகதாவுக்குக் கொடுக்கும் தண்டனை என்ன? அவள் மனத்தைப் பூட்டி, பக்கத்து வீட்டு ஆக்னஸாக அதே ஊரில் விட்டுவிடுகிறாள். சற்று முன் ஊரே கதறிய அதே குற்றம்! இதைத் தொடர் கவனித்துக் காட்டியிருந்தால் அற்புதமான இருட்டு கிடைத்திருக்கும். இங்கே அது வெற்றியின் மிச்சமாகக் கடந்துபோகிறது. பிறகு வெளியிலிருந்து வந்த அரசு அதிகாரி மோனிகா, நீ என்ன தியாகம் செய்தாய் என்று இவர்களுக்குத் தெரியவே போவதில்லை என்று ஆறுதல் சொல்கிறாள். ஊரார் முறைக்கும் முகங்களை இயக்குநர் மாட் ஷாக்மேன் காட்டத்தான் செய்கிறார். வசனம் மட்டும் வாண்டாவின் பக்கம் சாய்கிறது.

மற்றவர்களுக்கு நேரமே இல்லை. விஞ்ஞானி டார்சி வண்டியால் ஒரு மோது மோதிவிட்டுக் காணாமல் போகிறாள். எக்ஸ்-மென் படங்களின் குவிக்சில்வரான இவான் பீட்டர்ஸை வரவழைத்துவிட்டு ரால்ஃப் போனர் என்ற இரட்டை அர்த்தப் பெயரோடு முடித்தது மலிவான கேலி.

விடைபெறும் காட்சிக்காக இவ்வளவையும் மன்னிக்கலாம். ஹெக்ஸின் சிவப்புச் சுவர் ஜன்னலுக்கு வெளியே நெருங்கி வர, பிள்ளைகளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, என்னை அம்மாவாகத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்கிறாள் வாண்டா. அவசரம் முழுக்க அந்தச் சுவரிடம் இருக்கிறது, எலிசபெத் ஓல்சன் குரலை உயர்த்துவதே இல்லை.

கிரெடிட்ஸுக்குப் பின் வரும் கடைசிக் காட்சியை விட்டுவிடாதீர்கள். மலைக் குடிலில் டார்க்ஹோல்ட் என்ற மந்திரப் புத்தகத்தைப் படிக்கும் வாண்டாவுக்குப் பிள்ளைகளின் அலறல் கேட்கிறது. 2022-இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அவள் ஏன் வில்லியாக மாறினாள் என்பதற்கு இந்தத் தொடர் தரும் ஒரே நேரடி விளக்கம் அதுதான்.