கையெழுத்துப் போட மாட்டேன் என்று ராஜா சொன்னால்

2024 பிப்ரவரியில் கோலாலம்பூர் போயிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், கடைக்கார அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மாமன்னர் மாறிட்டாரு தம்பி" என்றார். பழைய படத்தைத் துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, கல்லாவுக்குக் கீழே பத்திரமாக வைத்துவிட்டுத்தான் புதுப் படத்தை மாட்டினார். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் கவிழ்க்கவில்லை. ஒன்பது மலாய் அரசர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருவராக முறை வைத்து நாட்டுக்கே மன்னராக இருப்பது 1957-லிருந்து அங்கே நடக்கிற ஏற்பாடு. பகாங் சுல்தான் அப்துல்லாவின் முறை முடிந்து, ஜனவரி 31 அன்று ஜொகூர் சுல்தான் இப்ராகிம் பதவியேற்றிருந்தார்.

கூட வந்த நண்பன், "இந்தக் காலத்து ராஜா எல்லாம் பொம்மைதானே" என்றான். நிறையப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அது எப்போதுமே உறுத்தும். ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடுவதைப் பார்த்துப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் என்பதாலோ என்னவோ, எந்த முடியாட்சியைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி அனுப்புகிறது, ராஜா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அப்புறம் என்ன ஆகும்? அரண்மனை, கிரீடம், பட்டாபிஷேகம் எல்லாம் எங்கேயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த ஒரு கேள்விக்குத்தான் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

மலேசியாவில் இது பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. 1983-ல் பிரதமர் மகாதீரின் அரசு மன்னரின் ஒப்புதல் அதிகாரத்தைக் குறைக்க அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது, சுல்தான்கள் முடியாது என்றார்கள், பல மாத இழுபறிக்குப் பிறகு ஒரு சமரசம். பிறகு 1994-ல் இன்னொரு திருத்தம் வந்து விஷயத்தை முடித்தது: 30 நாளுக்குள் மன்னர் கையெழுத்துப் போடவில்லை என்றால் போட்டதாகவே கணக்கு. சரி, அதோடு மன்னர் பொம்மையாகிவிட்டாரா என்றால் இல்லை. 2022 நவம்பர் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 112 இடம் கிடைக்காமல் ஐந்து நாள் நாடே தவித்தபோது, கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசி, மற்ற அரசர்களையும் கலந்து, அன்வாரைப் பிரதமராக்கியது சுல்தான் அப்துல்லாதான். 1983 சண்டையின்போது மாமன்னராக இருந்தவர் இந்த அப்துல்லாவின் அப்பா. 2020-ல் ஆட்சி கவிழ்ந்த சமயத்தில், அரண்மனை வாசலில் காத்துக் கிடந்த செய்தியாளர்களுக்கு இதே சுல்தான் அப்துல்லா தன் கையால் பர்கர் பொட்டலங்கள் கொடுத்தார். அந்தப் படம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பெல்ஜியம். 1990-ல் அங்கே கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. மன்னர் போடுவான் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவருக்கும் ராணி ஃபாபியோலாவுக்கும் குழந்தை இல்லை, ராணிக்குப் பலமுறை கரு கலைந்திருந்தது. என் மனசாட்சி இதற்கு இடம் கொடுக்கவில்லை, ஆனால் நாடாளுமன்றத்தின் முடிவைத் தடுக்கவும் மாட்டேன், நீங்களே ஒரு வழி பாருங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மன்னர் ஆள முடியாத நிலையில் இருந்தால் என்ன செய்வது என்று அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருக்கிறது. 1940-ல் அவருடைய அப்பா ஜெர்மானியர்களிடம் சிக்கியபோது பயன்படுத்திய பிரிவு. அதையே எடுத்து, ஏப்ரல் மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள் 'மன்னர் ஆள இயலாதவர்' என்று அறிவித்து, அமைச்சர்களே சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பிறகு நாடாளுமன்றம் வாக்களித்து அவரைத் திரும்ப உட்கார வைத்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தன் நம்பிக்கையையும் விடவில்லை, அதை நாட்டின் மேல் திணிக்கவும் இல்லை.

பக்கத்து லக்சம்பர்க்கில் 2008-ல் அந்த நாட்டின் மன்னரான கோமகன் ஹென்றி கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்ததும், ஒப்புதல் என்ற அதிகாரத்தையே அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்வீடனில் இந்தக் கேள்வியே எழாது, 1975 முதல் சட்டத்துக்கு ராஜாவின் கையெழுத்தே தேவையில்லை, பிரதமர் பெயரை முன்மொழிவதுகூட சபாநாயகர்தான்.

இதற்கு நேர் எதிர் லீக்டென்ஸ்டைன். ஐரோப்பாவில்தான் இருக்கிறது, ஒரு நாளில் நடந்தே சுற்றிவிடலாம் போன்ற சின்ன நாடு. அங்கே ஆள்பவருக்கே இளவரசர் என்றுதான் பட்டம். 2003-ல் இளவரசர் ஹான்ஸ்-ஆதாம், நான் கேட்கும் அதிகாரத்தைத் தராவிட்டால் ஆஸ்திரியாவுக்குக் குடிபோய்விடுவேன் என்றார். வாக்கெடுப்பு நடந்தது, 64 சதவீதம் பேர் அவர் பக்கம் நின்றார்கள். 2011-ல் கருக்கலைப்பு பற்றிய வாக்கெடுப்புக்கு முன்பே, நீங்கள் ஆதரித்தாலும் நான் தடுத்துவிடுவேன் என்று, அவருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துவந்த அவர் மகன் அலோயிஸ் அறிவித்தார். அது மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த வருடம் அந்தத் தடுப்பதிகாரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டபோது, 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மக்களே வாக்களித்துக் கொடுத்ததுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் முடிவைக் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுகிற அந்தத் தோரணையை என்னால் ஏற்க முடியவில்லை.

குவைத்தில் என் சித்தப்பா மகன் வேலை பார்க்கிறான், அதனால் அந்த ஊர்ச் செய்தி வீட்டுச் செய்தி மாதிரி. 2006-ல் புதிதாக வந்த அமீர், அதாவது அந்நாட்டு மன்னர், உடல்நலமில்லாமல் சத்தியப்பிரமாணமே எடுக்க முடியாமல் இருந்தபோது, நாடாளுமன்றம் வாக்களித்து அவரை இறக்கியது. வளைகுடாவில் இப்படி நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. 2024 மே மாதம் இப்போதைய அமீர் அதே நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நான்கு வருடம் வரை நிறுத்திவைத்தார். அன்று ராத்திரி தம்பியைக் கூப்பிட்டு அங்கே என்ன நிலவரம் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணே, காலைல வழக்கம்போல ஷிஃப்ட்டுக்குப் போகணும்" என்றான்.