கோச்சி போன பிறகு ஸ்ரேசன்: ஒரு மாணவர் படத்திட்டத்தின் செய்முறைப் பதிவு

இலங்கையின் வடக்கில் பள்ளையிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரத நிலையங்களைப் படமாக்குவது என்று ஒரு மாணவர் குழு இறங்கினால், முதற் சுற்றில் வந்து சேரும் படங்களில் முக்கால்வாசி ஒரே படமாகத்தான் இருக்கும். பிளாற்போம் விளிம்பில் நின்று, எதிரே வரும் கோச்சியின் (புகையிரதத்தின்) முகத்தை எடுத்த படம். அது கொடிகாமமா கோண்டாவிலா என்று இரண்டு கிழமை கழித்து எடுத்தவருக்கே தெரியாது. கோச்சி வந்ததும் கண் முழுக்க அதற்குப் பின்னால் போய்விடுகிறது, ஸ்ரேசன் பின்னணியாகிவிடுகிறது. தலைப்பை "இரண்டு கோச்சிகளுக்கு இடைப்பட்ட நேரம்" என்று இறுக்கிய பிறகுதான் இந்தத் திட்டம் உருப்பட்டது.

இந்தப் பாதையில் இன்னுமொரு சிக்கல் உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றுபோய், போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போய், பிறகு எல்லாமே புதிதாகப் போடப்பட்டது. யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபரிலும், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் திறந்தார்கள். ஒரே காலத்தில் எழும்பியதால் சிறிய நிலையங்கள் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல இருக்கின்றன. கட்டடத்தை மட்டும் எடுத்தால் படங்களிடையே வேறுபாடு வராது. வேறுபாடு மண்ணிலும் மரத்திலும் வெளிச்சத்திலும் காத்திருக்கும் ஆட்களிலும்தான் இருக்கிறது. மீசாலை, சாவகச்சேரிப் பக்கம் தென்னையும் மாவும் பலாவும், மணல் கலந்த மண். நாவற்குழியில் கடல்நீரேரியும் வெறும் வானமும். கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்றால் செம்மண்ணும் தோட்டமும் வேலிப் பனையும். காங்கேசன்துறையில் உப்புக்காற்று. இதையெல்லாம் சட்டகத்துக்குள் இழுத்து வராத படத்தை முதல் தெரிவிலேயே கழித்துவிடலாம்.

எல்லா நிலையத்தையும் எடுக்க ஆசைப்படுவதும் வழக்கம். பள்ளையையும் சேர்த்தால் பெயர்ப்பட்டியல் நீளம்: எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி, தச்சன்தோப்பு, நாவற்குழி, புங்கன்குளம், யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. ஒரு பாடசாலைத் தவணைக்குள் ஐந்தாறு போதும். ஒரு பெரிய நிலையம், இரண்டு நடுத்தரம், மிச்சம் கோச்சி ஒரு நிமிடம் நின்று போகும் சின்ன இடங்கள். நல்ல படங்கள் சின்ன இடங்களில்தான் கிடைக்கின்றன. யாழ்ப்பாணம் நிலையத்தில் நிற்க இடமில்லாத அளவுக்கு எல்லாம் நடக்கிறது. மாணவர்களுக்கு எதை விடுவது என்று தெரியாமல் போகிறது.

நிலைச் சட்டகம்

ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு படம் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. மும்மொழிப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டோம். பலகைக்கு நேரே நான்கு மீற்றர், கமரா தரையிலிருந்து 1.4 மீற்றர், சிறு சென்சர் கமராவென்றால் லென்ஸ் 24 மி.மீ., துவாரம் (ஒளி புகும் வழி) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. கமராவோடு சேர்ந்து வரும் கிற் லென்ஸ் 18-55 வைத்திருப்பவர்கள் 24இல் நிறுத்தி, வளையத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் பையிலிருந்து எடுக்கும்போதே நகர்ந்துவிடும். கைத்தொலைபேசியில் பிரதான லென்ஸ் அகலக்கோணம் என்பதால் பலகையின் ஓரங்கள் இழுபடும். இரண்டு மடங்கு நிலைக்கு மாற்றி அதற்கேற்பப் பின்னால் போவது நல்லது.

இதில் அதிகம் கெடுவது சாய்வு. பலகைக்குச் சரியாக நேரே நிற்காவிட்டால் பலகையின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் குறுகியும் வரும். ஒரு படத்தில் அது தெரியாது, ஆறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணைக் குத்தும். தீர்வு எளிது: பலகையின் இரண்டு கால்களுக்கும் நடுவை நூலால் அளந்து, அந்த நடுவிலிருந்து நேரே பின்னால் நடக்க வேண்டும். கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று விட்டால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, பலகைக்குப் பின்னால் நிற்கும் பனை பாதியாகிவிடும்.

வெயிலின் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரை பாதை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் கொக்குவில் தொடக்கம் மேலே எல்லா நிலையங்களிலும் காலை வெயில் ஒரு பக்கத்திலிருந்தும் பின்னேர வெயில் மறுபக்கத்திலிருந்தும் பிளாற்போமுக்குக் குறுக்கே விழும். தூண்களின் நிழல் தண்டவாளத்தை வெட்டிக் கிடக்கும் நேரம் இதுதான். கொடிகாமம், சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிப் பக்கம் பாதை சரிவாகக் கிழக்கிலிருந்து வருவதால் அதே நேரத்தில் வெயில் பாதையின் நீளத்துக்கு ஓடும். காலையில் கிழக்கே பார்த்து எடுத்தால் தண்டவாளம் பளபளக்கும், மேற்கே பார்த்து எடுத்தால் சரளைக் கல்லின் நிறம் வரும்.

நண்பகலைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள். அது மாதத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் உச்சிக்கு நேரே நிற்கும். ஆட்களின் கண்குழி கறுப்பாகும், நிழல் காலடிக்குள் ஒடுங்கும். அந்த நாட்களில் பத்தரை மணிக்கே கமராவை மூடிவிடலாம். டிசெம்பரில் நிலைமை வேறு: நண்பகலிலும் சூரியன் தெற்கே 57 பாகை உயரத்தில்தான் நிற்கும், 1.7 மீற்றர் உயரமான ஆளின் நிழல் ஒரு மீற்றருக்கு மேல் நீளும். முகில் விலகிய மார்கழி மத்தியானம் நன்றாகவே படம் தரும். மே தொடக்கம் ஜூலை வரை சூரியன் நண்பகலில் வடக்கே நிற்கும் என்பதையும் குறித்து வைத்தால், ஆண்டின் மிச்சக் காலத்தில் நிழலில் கிடக்கும் வடக்குச் சுவரை எப்போது எடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

வெளிர் நிறச் சுவர்களில் கமரா ஏமாறும். சட்டகம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் தானியங்கி அளவீடு அதைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கூட்டல் பக்கம் மூன்றில் இரண்டு படி ஏற்ற வேண்டும் (ஒரு படி என்றால் ஒளி இரண்டு மடங்கு). பிளாற்போம் கூரைக்குள் நின்று வெளியே பார்த்தால் கதை தலைகீழ். உள்ளே கறுப்பு, வெளியே கொழுத்தும் வெயில். வெளி வெளிச்சத்துக்கு அளந்து, கமரா பதப்படுத்தாத றோ கோப்பாக எடுத்து, கூரையின் இருட்டைப் பிறகு தூக்குவதே வழி. எரிந்து வெள்ளையான வானத்தை எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க முடியாது.

கோச்சியே வேண்டாமென்றில்லை

ஓரிரு படத்தில் கோச்சி வரத்தான் வேண்டும், ஆனால் அது கடந்து போகும் பொருளாக வர வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் நகர்கிறது. பக்கவாட்டில் 1/500 செக்கன் சட்டர் வேகத்தில் எடுத்தால் படம் பதியும் நேரத்துக்குள் இரண்டு சென்ரிமீற்றர்தான் நகரும், எழுத்துகள் வாசிக்கத் தெரியும். 1/60இல் 18 சென்ரிமீற்றர்: கூர்மையுமில்லை, ஓட்டமுமில்லை, கை ஆடியது போல இருக்கும். மாணவர் படங்களில் கழிபட்டவை பெரும்பாலும் இந்த நடுவேகத்தில் எடுத்தவை. ஒன்றில் 1/500, அல்லது 1/4 செக்கன்.

1/4 செக்கனில் முக்காலி வைத்து, நிலையத்தை விட்டு மெதுவாக வெளிக்கிடும் வண்டியை எடுத்தால் பெட்டிகள் நிறக்கோடாக ஓடும். வாங்கில் அசையாமல் இருப்பவர் மட்டும் தெளிவாக நிற்பார். வெயிலில் இதைச் செய்ய ஐந்து படி குறைக்கும் கறுப்பு வடிகட்டி தேவை, ஐஎஸ்ஓ 100, எஃப் 16. அந்தி ஆறு மணிக்குப் பிறகு கூரைக்குள் வடிகட்டி தேவையில்லை. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தக் கூடாது, வண்டி போகும் அதிர்வு அதன் வழியே ஏறும். இரண்டு செக்கன் தாமதச் சட்டரும் வேண்டும்.

கைத்தொலைபேசியால் ஓடும் வண்டியைக் கிட்ட நின்று பக்கவாட்டில் எடுத்தால் யன்னல்கள் சாய்ந்து வரும். படத்தை ஒரு வரியின் பின் ஒரு வரியாக வாசிக்கும் சென்சரின் குணம் அது. மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. தள்ளி நின்று சரிவாக எடுத்தால் குறையும், முற்றாகப் போகாது.

ரிக்கெற் யன்னலும் வாங்கும்

உள்ளே ஒளி குறைவு. எஃப் 4, 1/50, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம். சட்டர் ஏன் 1/50 என்றால் இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னும். 1/50, 1/100 இரண்டும் அந்த மின்னலோடு ஒத்துப்போகும். 1/250 வைத்தால் சுவரில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும், கமரா பழுது என்று பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

ரிக்கெற் யன்னலில் முகத்தை விடக் கைகள் நல்ல பொருள். காசு நீளும் கை, மிச்சம் தள்ளும் கை, யன்னல் விளிம்பில் தேய்ந்த மினுக்கம். இரவுக் கோச்சிக்கு முன் பொதிகளை எடுக்கலாம். கொழும்புக்குப் போகிறவர் காலடியில் சூட்கேசுக்குப் பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டு, ஒடியல் பை, பனங்கட்டிக் குட்டான்கள் போட்ட ஷொப்பிங் பை. ஓலைக் குட்டானின் இழை தெரிய வேண்டுமென்றால் பிளாஷ் அடிக்கக் கூடாது, பக்க விளக்கின் சாய்ந்த ஒளி போதும். ஒரு மாணவியின் படத்தில் பொதியும் ஒரு கால் செருப்பும் மட்டும்தான், ஆளே இல்லை. முழுத் தொகுப்பிலும் ஆகச் சிறந்தது அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். கேட்டால் விறைத்துப்போவார்கள் என்பது உண்மைதான். சம்மதம் வாங்கிய பின் பத்து நிமிடம் சும்மா பக்கத்தில் இருந்தால் அவர்கள் மறந்துவிடுவார்கள். பாடசாலைச் சீருடையில் இருக்கும் சிறுவர்களை முகம் தெரிய எடுப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

அனுமதியும் ஆபத்தும்

பாடசாலை அதிபரின் கடிதத்தோடு முதலில் நிலைய அதிபரிடம் போக வேண்டும். கடிதத்தில் மாணவர் பெயர்கள், பொறுப்பாசிரியர், திகதி, நேரம், படங்கள் எதற்கு என்பது இருக்க வேண்டும். வெறும் "செயற்றிட்டம்" என்று எழுதினால் மேலிடத்தில் கேட்டு வாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள், அது அவர்கள் பிழையுமல்ல. பிளாற்போம் ரிக்கெற் எல்லோருக்கும் எடுக்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவது குற்றம். நடுவில் நின்று, தண்டவாளங்கள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல எடுக்கும் அந்தப் படத்தை இன்னொருவர் எத்தனையோ தடவை எடுத்துவிட்டார். சாரதியை நோக்கிப் பிளாஷ் அடிக்கவே கூடாது. கமராவின் பார்வைத் துளை வழி பார்த்துப் பின்னால் நகர்வோர் விளிம்பை மறந்துவிடுவதால், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் படமெடுக்காமல் காவல் நிற்பது கட்டாயம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் செம்மண் பகுதியில் லென்ஸ் மாற்றக் கூடாது, சென்சரில் ஏறும் தூசி எஃப் 11க்கு மேல் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். காங்கேசன்துறையிலும் நாவற்குழியிலும் லென்சில் உப்புப் படலம் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்த மைக்ரோபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளிக்கிட்டால் கமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்தால் கண்ணாடியில் பனி பிடிக்காது.

தெரிவு, குறிப்பு, தொங்கவிடுதல்

தெரிவை எடுத்தவரே செய்யக் கூடாது. எடுக்கப் பட்ட பாடு அவருக்கு நினைவிருக்கும், பார்ப்பவருக்கு அது தெரியாது. சிறு பிறின்றுகளை மேசையில் பரப்பி, குழுவில் வேறொருவர் கழிக்க வேண்டும்.

படக்குறிப்பில் நிலையம், திகதி, நேரம், பார்க்கும் திசை நான்கும் போதும். வரலாறு எழுதப் போனால்தான் வழுக்குகிறது. "நூற்றாண்டு பழைமையான தண்டவாளம்" என்று ஒரு குறிப்பு வந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் கோச்சி ஓடியது சரி, தெற்கோடு பாதை இணைந்தது 1905இல் என்பதும் சரி; படத்திலுள்ள தண்டவாளம் மீளக் கட்டியபோது போட்டது. பழையது பாதையின் தடம்தான், இரும்பல்ல. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வீட்டு அல்பத்திலிருந்து 1990க்கு முந்திய ஸ்ரேசன் படமொன்று கிடைத்தால், ஸ்கான் செய்து அதே அளவில் வைப்பது நூறு வரிக் குறிப்பை விட மேல்.

பிறின்ற் அளவு 8×12 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2400×3600, ஏறத்தாழ 8.6 மெகாபிக்சல், வெட்டாத கைத்தொலைபேசிப் படமே போதும். பளபளப்புத் தாள் மண்டப யன்னலைத்தான் காட்டும், மினுங்காத மற் தாள் எடுக்க வேண்டும். றெஜிபோம் (தெர்மோகோல்) பலகையில் ஒட்டும்போது நான்கு ஓரமும் இருபக்க ரேப் போட்டால் வாடைக்கால ஈரத்தில் தாள் விரிந்து நடுவில் பொம்மிக்கொள்ளும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு துண்டு ரேப். கீழே சும்மா தொங்கட்டும். படத்தின் நடு தரையிலிருந்து 145 சென்ரிமீற்றர். வரிசை பள்ளையிலிருந்து வடக்கு நோக்கி, இடமிருந்து வலமாக. பெயர்ப்பலகைப் படங்கள் ஒரே கோட்டில், மற்றவை அவற்றின் கீழே.