ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தவர்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஒப்படை. யாழ்ப்பாணத்தில் உருவான கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி எழுதவேண்டும்: பொருள், கண்டுபிடித்தவர் பெயர், பயன். இரவு முழுக்க இணையத்தில் தேடிவிட்டு, "ஒண்டும் இல்லையம்மா" என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அடுத்த நாள் காலமை அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், குசினிப் பரணிலிருந்த ஜாம் போத்தலை இறக்கி அவள் கையில் கொடுத்தேன்.

1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கைக்கெட்டாது. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெய்க்குக் கட்டாது. அப்போதுதான் இந்த விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக்குள் நூல்திரி. வால்வை ஒரு தகரத்துண்டில் நிமிர்த்தி உள்ளே வைத்தால், சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்று அணைக்காது. தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் ஊற்றுப்படாது. நானும் அண்ணாவும் தலையோடு தலை முட்ட ஒரு சுடரில்தான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம்.

சித்தப்பா கொக்குவிலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்க, "தோட்டத்திலையிருந்துதான் பிள்ளை" என்றார். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் முன்பிருந்தே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது, சூடேறினபின் பற்றும். அதையே மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் குழாய். சில துளி விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் இதற்கு நன்றாக வளைந்துகொடுத்தன. அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயிலும் தட்டுச் சத்தம் வராமல் ஓடும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. அது 6 வோல்ட் தரும், நாலு பற்றரி போடுகிற ரேடியோவுக்கும் 6 வோல்ட்தான் வேண்டும். நடுவில், மின்னை ஒரு திசையில் மட்டும் விடுகிற ஒரு டயோட். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார், ஒழுங்கைச் சனம் எங்கள் விறாந்தையில் இருந்து பிபிசி தமிழோசை கேட்கும். அண்ணா களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும்!

சவர்க்காரம் தட்டுப்பட்டபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். பத்திரிகை கோடுபோட்ட கொப்பித் தாளில் வந்தது.

அதே காலத்தில் தெற்கில் சத்திரசிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புற, குப்பிவிளக்கு கவிழ்ந்து எரிகாயப்படுகிறவர்களைப் பார்த்து, கவிழாத குட்டை விளக்கொன்றை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மிகத் தகுதியான விருது. எங்கள் விளக்கும் அந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படவேண்டியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதைச் செய்தவர்கள் காப்புரிமை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் செய்தார், அவரைப் பார்த்து அடுத்த ஊர் செய்தது.

சரி, ஒப்படையில் பெயர் எழுதவேண்டிய இடம்? மகள் நெடுநேரம் யோசித்துவிட்டு, அம்மம்மாவிடம் போய், "இந்தப் போத்தலுக்கு வால்வு வெட்டினது ஆர்?" என்று கேட்டாள். "உன்ர அம்மப்பா" என்றார் அம்மா. "அவருக்கு முன்வீட்டு மாஸ்ரர் காட்டிக்கொடுத்தவர்." மகள் இருவரையும் எழுதி, அதற்குக் கீழே இன்னும் நாலு கோடு இடம் விட்டிருக்கிறாள். பின்னேரம் மாஸ்ரர் வீட்டுக்குப் போகிறோம்.