பழைய மப்பெட் கேசட்டுகள்: மழைக்கால நாட்குறிப்பு

24 நவம்பர் 2024, ஞாயிறு

ஜிம் ஹென்சன் உருவாக்கிய மப்பெட் பொம்மைகளின் நிகழ்ச்சிகள் உள்ள பழைய விஎச்எஸ் வீடியோ கேசட் கைக்கு வந்ததும் டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவி) போட்டுவிடக் கூடாது. பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து நாடாவின் விளிம்பைப் பார்க்கவும். சுருளை மேலே உள்ள ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கறுப்பாக மினுங்கினால் நல்லது. திருநீறு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூசணம். அப்படியே ஓட்டினால் தூள் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) ஏறும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியாமல் நாடா அறுந்தும் போகும்.

சிங்கப்பூரில் இந்தப் பூசணத்துக்குப் பெரிய காரணம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் போர்க்கால நெருக்கடிக்கென இருக்கும் புகலிட அறை. கனத்த கதவு, காற்றோட்டம் குறைவு. பெட்டி பெட்டியாக அங்கேதான் அடுக்குகிறோம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரப்பதம் நீக்கும் அலமாரியே கேசட்டுக்கும் ஏற்றது. முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்கட்டும். கேசட்டைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல நிறுத்தி வைக்கவும். பூசணம் பிடித்ததை அதில் சில வாரம் விட்டால் ஈரம் போய்ப் பொடியாகிவிடும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, பஞ்சு உதிராத துணியால் ஒற்றியபடி சுற்ற வேண்டும். அதற்கென்று ஒரு பழைய டெக்கை ஒதுக்கிவிடுங்கள், அதில் வேறு எதையும் போடாதீர்கள்.

1 டிசம்பர், ஞாயிறு

ஹெட் துடைக்கும் நாள். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஷாமாய்த் தோல் சுற்றிய குச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டின் முனையில் மாட்டும். குச்சியை ஹெட் பதித்த உருளையில் லேசாக வைத்து அசையாமல் பிடித்து, இன்னொரு கையால் உருளையை மெல்லச் சுழற்றவும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், பிறகு அந்த டெக் காட்சிப்பொருள்தான்.

7 டிசம்பர், சனி

நாடா தொடக்கத்திலேயே அறுந்த கேசட். அடியில் 5 திருகாணி, கழற்றினால் ஓடு இரண்டாகப் பிரியும். இரு முனையிலும் உள்ள கண்ணாடிபோன்ற தெளிவான துண்டை எறிந்துவிடக் கூடாது. அதன் வழியே ஒளி பாய்வதைக் கண்டுதான் டெக் ஓட்டத்தை நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் முடிவு தெரியாமல் இழுத்து, நாடாவைச் சக்கரத்திலிருந்தே பிய்த்துவிடும். ஒட்டுவதற்கென உள்ள டேப்பை ஹெட் தொடாத பின்பக்கத்தில் மட்டும் ஒட்டவும். சாதாரண ஒட்டுநாடாவின் பசை கசியும்.

8 டிசம்பர், ஞாயிறு

அதிகம் குழம்பும் இடம் இது. இங்கு பழைய அனலாக் ஒளிபரப்பு பேல் முறையில் இருந்தது: 625 கோடு, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்டிஎஸ்சி: 525 கோடு, 29.97 பிரேம். இரண்டையும் ஓட்டுவதாகச் சொல்லும் பல பேல் டெக்குகள் என்டிஎஸ்சியை ஒரு கலப்புச் சிக்னலாகத்தான் வெளியே விடும். டிவி அதை ஏற்றுக்கொள்ளும், பதிவுக்கருவி (படத்தைக் கணினிக்கு மாற்றுவது) கறுப்பு வெள்ளையாகவோ உருளும் படமாகவோ தரும். பதிவுக்கருவியைக் குறை சொல்லும் முன் டெக்கைப் பாருங்கள்.

இனி எது மூலப் பிரதி என்ற கேள்வி. ‘தி மப்பெட் ஷோ’ (1976-81) இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் வீடியோவில் எடுக்கப்பட்டது. எனவே பேல்தான் அதன் தாய்மொழி, அமெரிக்கப் பிரதி மாற்றம் செய்யப்பட்டது. பிரிட்டனில் விளம்பரம் குறைவு என்பதால் அந்நாட்டு ஒளிபரப்பில் ஏறத்தாழ 2 நிமிடம் கூடுதல் காட்சியும் உண்டு. திரைப்படங்கள் நேர்மாறு. 24 பிரேமில் எடுத்ததை பேல் கேசட் 25இல் ஓட்டுகிறது. படம் 4% வேகமாகும், தவளைப் பொம்மை கெர்மிட்டின் குரலும் சற்று ஏறும். மென்பொருளில் 24க்கு இறக்கி, ஒலியையும் அதே விகிதத்தில் மெதுவாக்கினால் சரியாகிவிடும்.

வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு அரைப் படங்கள். அவற்றைப் பிரித்து ஷோவை நொடிக்கு 50 பிரேமாக விரித்தால்தான் பொம்மைகளின் கைக்கம்பிகளின் அசைவு வழுக்கலாக வரும். மெல்லிய கம்பி சீப்புப் பல்லாகப் பிளந்து தெரிந்தால் விரிக்கவில்லை என்று பொருள். முன்னும் பின்னும் நடுங்கினால் அரைப் படங்களின் வரிசை தலைகீழ். பேல் திரைப்படக் கேசட்டை விரிக்கவே வேண்டாம், பெரும்பாலும் முழு பிரேமாகவே இருக்கும். தேவையில்லாமல் விரித்தால் பொம்மையின் துணிமயிர் மழுங்கிப்போகும்.

15 டிசம்பர், ஞாயிறு

“வட்டு இருக்கிறதே, கேசட் எதற்கு?” என்பவர்களுக்கு இரண்டு பதில். 1992இல் வந்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ படத்தில் கதைநாயகன் இளம் ஸ்குரூஜை விட்டுப் பிரியும் காதலி பாடும் பாட்டு திரையரங்குப் பிரதியில் வெட்டப்பட்டது. ஆனால் வீடியோ கேசட்டில் அது இருந்தது. கடைசிப் பாட்டு அதே மெட்டின் மறுவரவு, முதலாவது இல்லாவிட்டால் அதற்கு வேரே இல்லை. முழுப் படத்தோடு சேர்ந்த தெளிவான பிரதி 2022இல்தான் இணையச் சேவைக்கு வந்தது. அதுவரை கேசட்டும் சில பழைய வட்டுகளும்தான் கதி.

இரண்டாவது, 1987 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘எ மப்பெட் ஃபேமிலி கிறிஸ்துமஸ்’. மப்பெட், செசமி ஸ்ட்ரீட், ஃப்ராகிள் ராக் மூன்று குடும்பமும் ஒரே வீட்டில். முடிவில் ஜிம் ஹென்சனே பாத்திரம் கழுவ வருவார். இன்று மூன்றும் மூன்று உரிமையாளர்களிடம். பாடல் உரிமைச் சிக்கலால் பின்னர் வந்த வீடியோக்களில் சில பாட்டுகள் போயின. ஒளிபரப்பிலிருந்து பிடித்த கேசட் கிடைத்தால் விளம்பரத்தோடு சேர்த்தே முழுசாகப் பதியுங்கள்.

22 டிசம்பர், ஞாயிறு

உள்ளூர் ஒளிபரப்பிலிருந்து பிடித்தவற்றில் உறைமேல் தேதி இருப்பதில்லை. இடையில் வரும் நிலையச் சின்னம் முதல் தடயம்: எஸ்பிசி (சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்) என்றால் 1980க்கும் 1994க்கும் நடுவே. பிறகு தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர் எஸ்ஜியில் டிசம்பர் மாத டிவி நிகழ்ச்சி நிரல்களைத் துழாவவும். நிகழ்ச்சிப் பெயரைத் தேடுவதைவிட, அடுத்து வரும் நிகழ்ச்சியின் பெயரையும் சேர்த்துத் தேடினால் நாள் சீக்கிரம் சிக்கும். கோப்பின் பெயரில் நாள், அலைவரிசை, பேலா என்டிஎஸ்சியா, எந்த டெக் என்று நான்கையும் எழுதவும். படத்தின் அடியில் நடுங்கும் சில கோடுகளை மூலக் கோப்பில் வெட்டாதீர்கள், பார்க்கும் பிரதியில் மறைத்தால் போதும்.