மல்லாவிக்கு வந்த உறைகள்

4 ஜனவரி 2026, ஞாயிறு

நல்ல வெயில். நவம்பர் கடைசிப் புயல் மழைக்குப் பிறகு, நான் சேர்த்த முத்திரைகளும் கடித உறைகளும் இருக்கும் றங்குப்பெட்டியை இன்றைக்குத்தான் முற்றத்தில் வைத்துத் திறந்தேன். கறையான் ஏறவில்லை. பசை போகாத முத்திரைகள் சில ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன, உறைகளுக்கு ஒரு சேதமுமில்லை.

வன்னியில் கடித உறை சேர்க்கிறவர்களுக்கு ஈரமும் கறையானும் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி, புத்தகக் கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்ரிக் கவர். அது பிவிசி. அதை மெதுமையாக வைத்திருக்கக் கலக்கும் இரசாயனம் மெல்ல மெல்லக் கசிந்து முத்திரையின் மையைக் கெடுத்துவிடும். தொட்டால் சரசரக்கும் விறைப்பான பொலியெஸ்ரர் கவர்தான் நல்லது. விலை கூட, இருந்தாலும் வேறு வழியில்லை.

நான் சேர்ப்பது குளிர்கால ஒலிம்பிக் உறைகள் மட்டும். "மல்லாவியில இருந்துகொண்டு பனி விளையாட்டோ ரீச்சர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. இலங்கையில் இருந்து 2022 வரைக்கும் ஒருவர்கூட அந்தப் போட்டிக்குப் போனதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நோர்வே மாமி அப்பாவுக்குப் போட்ட கடிதத்தில் தொடங்கிய வியாதி இது. லில்லஹாமர் ஒலிம்பிக்கின் தொடக்க நாள் சீல், 12.02.1994. வவுனியாவில் தேங்கிக் கிடந்து, ஓரம் நைந்து, பங்குனி கழிந்துதான் எங்கள் கைக்கு வந்தது. நைந்த ஓரத்தை நான் ஒட்டவில்லை. ஒட்டவும் மாட்டேன்.

11 ஜனவரி

போஸ்ட்மாஸ்டர் ஐயா வந்திருந்தார். ஓய்வுபெற்றவர், இந்தப் பக்கத்தில் முத்திரை பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள். வழக்கமான சண்டைதான்.

"பிள்ளை, விலாசம் எழுதின உறை ஊத்தை. வெறுமையாய், சுத்தமாய் இருக்கிறதுதான் விலைபோகும்."

"போகாத கடிதம் என்ன கடிதம் ஐயா?"

வாழ்நாள் முழுக்கச் சீல் குத்தினவருக்கு, தபாலில் போகாத உறையில் அப்படி என்ன ஆசையோ! விலையைப் பொறுத்தவரை பல வேளை அவர் சொல்வது சரிதான். எனக்கு விலை தேவையில்லை.

அவர் கொண்டுவந்து காட்டியது அஜ்மான் முத்திரைகள், 1972 சப்போறோ ஒலிம்பிக்குக்கு வந்தவை. அஜ்மான், புஜைறா, றாஸ் அல் கைமா போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் வெளிநாட்டு வியாபாரிகள் கண்டபடி முத்திரை அடித்துத் தள்ளிய காலம் அது. பாலைவனத்து முத்திரையில் பனிச்சறுக்கு! சீலும் அச்சகத்திலேயே விழுந்துவிடும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கப் பசை நக்குப்படாமல் அப்படியே இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை மணல்மேடுகள் என்று நக்கலடிப்பார்கள். எமிரேற்ஸ் ஒன்றாகி, 1972இல் தபாலும் ஒன்றான பிறகுதான் இந்தக் கூத்து நின்றது.

படங்கள் வடிவுதான், மறுக்கவில்லை.

25 ஜனவரி

அமெரிக்காவின் லேக் பிளாசிட் ஒலிம்பிக் முத்திரை வெளிவந்த நாள். 1932 ஜனவரி 25, இரண்டு சதம், சிவப்பு, தாவுகிற பனிச்சறுக்கு வீரர். குளிர்கால ஒலிம்பிக்குக்கென்று வந்த முதல் முத்திரை அது. 1924 சமோனிக்கும் 1928 சென் மொறிற்ஸுக்கும் முத்திரை வரவில்லை.

கனடாவிலிருக்கும் மருமகன் ஒரு உறையின் படம் அனுப்பி, வாங்கட்டோ என்று கேட்டிருந்தான். அந்த இரண்டு சத முத்திரை ஒன்று மட்டும் ஒட்டியிருக்கிறது, விலாசம் கொழும்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சதம் அமெரிக்காவுக்குள் போகிற கடிதத்தின் கட்டணம். அதுவும் 1932 ஜூலை 6இல் மூன்று சதமாகிவிட்டது. வெளிநாட்டுக் கடிதத்துக்கு அப்போது ஐந்து சதம். மிச்ச மூன்று சதத்தை யார் கட்டினது? குறை கட்டணத்துக்குத் தண்டம் அறவிட்ட அடையாளமும் உறையில் இல்லை. முத்திரையைவிடக் கட்டணப் பட்டியலைப் படித்து வைத்திருப்பது இந்த வேலையில் உதவும்.

6 பெப்ரவரி, வெள்ளி

இன்றிரவு மிலானோவில் இந்த முறைக் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா. எங்களுக்கு நள்ளிரவு கடந்துவிடும், பார்க்கப் போவதில்லை.

மிலானோவோடு சேர்ந்து இந்த முறை நடத்தும் கோர்ற்றினாவுக்கு ஒலிம்பிக் முதலில் கிடைத்தது 1944க்கு. யுத்தத்தால் அது நடக்கவில்லை. 1956இல்தான் நடந்தது. அப்போது இத்தாலி வெளியிட்ட நான்கு முத்திரைகளில் எனக்குப் பிடித்தது மிசுறீனா ஏரி. வேகச் சறுக்கல் போட்டியை உறைந்த அந்த ஏரியின் மேலேயே நடத்தினார்கள். வீரர்களின் முகங்களை விட்டுவிட்டுப் போட்டி நடந்த இடங்களைப் போட்டது நல்ல யோசனை.

வகுப்பில் காட்டினேன். "அப்ப மீன் எல்லாம் எங்க ரீச்சர் போகும்?" என்றான் குளக்கட்டு வீட்டுப் பெடியன். மேலே மட்டும்தான் உறையும், அடியில் தண்ணீர் இருக்கும் என்றேன். "அப்ப தூண்டில் போடலாம்" என்றான். அதையும் அங்கே செய்கிறார்கள், துளை போட்டு.

மிலானோவிலிருக்கும் பழைய மாணவனிடம் ஒரு கடிதம் போடச் சொல்லியிருக்கிறேன். அலங்கார உறை வேண்டாம், இன்றைய திகதி விழுந்தால் போதும்.

10 மார்ச்

வந்துவிட்டது. சீல் முத்திரையில் பாதியில்தான் விழுந்திருக்கிறது, ஆனால் திகதி தெரிகிறது. விலாசத்தைத் தமிழிலும் எழுதியிருக்கிறான், எழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடத் திருந்தியிருக்கிறது. தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தில் நாள் சீல் குத்தித் தரக் கேட்டேன். "பின்னுக்கு எதுக்கு ரீச்சர்?" என்றாள் அங்கிருந்த பிள்ளை. முந்தி வந்து சேர்ந்த கந்தோரில் பின்னுக்கும் குத்துவார்கள் என்றேன். மை தொட்டு, ஒரு துண்டுத்தாளில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, நேராகக் குத்தித் தந்தாள்.

பின்னேரம் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் நல்ல நேரம் பார்த்தார்.

"இது ஒரு யூரோவும் பெறாது."

"தெரியும்."

"பராலிம்பிக் பதினைஞ்சாம் திகதி வரைக்கும் நடக்குதல்லோ? அந்தப் பெடியனிட்டைச் சொல்லி எனக்கும் ஒண்டு எடுப்பியோ பிள்ளை? விலாசம் எழுதாமல்."

"விலாசமில்லாமல் எப்படி ஐயா தபாலில போடுறது?"

"வேறை உறைக்குள்ள வைச்சு அனுப்பச் சொல்லு."